சீட்டுக்குக் கணக்கு, படிப்புக்குப் பூட்டு

(கோவையில் கல்லூரி நூலகர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆடி மாதம் வரைக்கும் கொங்கு நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான். கட் ஆஃப் எவ்வளவு, கவுன்சலிங்கில் எந்த ரவுண்டு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு. அத்தனை பேச்சுக்கும் அடியில் ஓர் எண் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் அதை ‘இன்டேக்’ என்பார்கள். ஒரு பிரிவில் அறுபது பேரைச் சேர்ப்பதா, நூற்றிருபது பேரைச் சேர்ப்பதா என்று கல்லூரி தானாக முடிவெடுக்க முடியாது. புது தில்லியிலுள்ள அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம், நாம் ஏஐசிடிஇ என்று சொல்கிறோமே, அது ஒப்புதல் தர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் ஆய்வுக் குழுவை அனுப்பிப் பார்த்து இணைப்பு தர வேண்டும். அதன் பிறகுதான் மாநில அரசின் கலந்தாய்வு. இந்த வட்டாரத்திலிருந்து நான்கு ஆண்டு கழித்து எத்தனை பொறியாளர்கள் வெளியே வரலாம் என்பதை, அவர்கள் உள்ளே நுழையும் முன்பே அரசு எண்ணி வைத்துவிடுகிறது.

எண்ணட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அந்த எண்ணுக்குள் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு எதைப் படிக்க வழி இருக்கிறது, எதைப் படிக்க வழியில்லை என்று யார் பார்க்கிறார்கள்? நான் பாடப்புத்தகத்தைச் சொல்லவில்லை. தன் துறையில் உலகம் போன மாதம் என்ன கண்டுபிடித்தது என்று சொல்லும் ஆய்விதழ்களைச் சொல்கிறேன். அந்த இதழ்களின் வாசலில் இன்று காப்புரிமைப் பூட்டு தொங்குகிறது. சாவி சிலருக்குத் தரப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தரப்படவில்லை. இதைப் பேசத்தான் வந்தேன்.

முதலில் எண்ணிக்கையின் கதை. ஏஐசிடிஇ ஓர் ஆலோசனைக் குழுவாக அமைந்தது 1945இல். அதே ஆண்டுதான் ஜி.டி. நாயுடுவின் கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. தடாகம் சாலையில் இன்று நிற்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டு எதற்கு, இரண்டே போதும் என்று நாயுடு வாதாடினார். அன்றைய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். கல்லூரியைக் கொடுத்தவருக்கே அதில் எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லாமல் போனது, நம் ஊரில் கல்விக்கும் அரசுக்கும் நடந்த முதல் பெரிய இழுபறி என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மில் குடும்பங்கள் வந்தன. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956இல். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தபோது பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும், இங்கே குமரகுரு கல்லூரியும் வந்தன. பிறகு சத்தியமங்கலம், திருச்செங்கோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி என்று பரவிவிட்டது. நூல் மில் வைத்திருந்தவர், லாரி வைத்திருந்தவர், கோழிப்பண்ணை வைத்திருந்தவர் எல்லாம் சேர்ந்து அறக்கட்டளை போட்டார்கள். மேட்டாங்காட்டில் சோளம் விதைத்த குடும்பத்துப் பெண் பிள்ளை காலையில் கல்லூரிப் பேருந்து ஏறி, மாலை வீட்டுக்கே திரும்பி வந்து, பி.இ. முடித்தாள். இதைச் சாதாரணமாக யாரும் பேசக்கூடாது. தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதில் இருக்கும் நூறு பேருக்கு 47 பேர் என்ற விகிதத்தில் உயர்கல்வியில் இருக்கிறார்கள் என்று 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் 28 சொச்சம். இந்த இடைவெளியை உண்டாக்கியதில் நம் வட்டாரத்து அறக்கட்டளைகளுக்குப் பெரிய பங்குண்டு.

இந்தக் கல்லூரிகளில் ஆகப் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

1987இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஏஐசிடிஇக்கு அதிகாரம் கொடுத்தது. இடங்கள் பெருகின, பிறகு காலியாகவும் கிடந்தன. ஏஐசிடிஇ அமைத்த, பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையிலான குழு, 2020 முதல் புதிதாகக் கொள்ளளவைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னது. புதிய கல்லூரிகளுக்குத் தடை வந்தது. 2023-24இல் தடை விலகியது. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரி ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற மேல்வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் பி.பி.ஏ., பி.சி.ஏ. நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகளும் ஏஐசிடிஇ ஒப்புதலுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

மேல்வரம்பு போனதும் பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகள் அடுக்கடுக்காய் ஏறின. மெக்கானிக்கல், சிவில் வகுப்பறைகள் மெலிந்தன. பம்பும் கிரைண்டரும் வார்ப்படமும் நெசவு இயந்திரமும் செய்யும் ஊரில் இது நடக்கிறது. கணபதியிலும் சிட்கோவிலும் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், டிசைன் தெரிந்த மெக்கானிக்கல் பையன் கிடைப்பதில்லை என்பார்கள். இங்கிலாந்திலும் 2015இல் மாணவர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அங்கும் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள் வீங்கின, மற்றவை இளைத்தன. இது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விஷயம். நான் நூலகத்துக்கு வருகிறேன்.

வரும் வழியில் ஒன்று. எண்ணுகிற அரசு சரியாக எண்ணுகிறதா? 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் பதினொரு கல்லூரிகளில். ஆதார் எண்ணை மாற்றிப் போட்டு இது நடந்திருக்கிறது. ஆய்வுக் குழு போனது, தலைகளை எண்ணியது, இணைப்பு கொடுத்தது. ஆசிரியரே இல்லாத இடத்தில் ஆசிரியரை எண்ணிய ஏற்பாடு, நூலகத்தில் பிள்ளை எதைத் திறந்து படிக்கிறது என்று பார்த்திருக்குமா?

இப்போது அந்தப் பிள்ளையைப் பார்ப்போம். முதல் மூன்று ஆண்டு ‘லோக்கல் ஆத்தர்’ புத்தகம் போதும். இரண்டு மதிப்பெண் கேள்வி, பெரிய கேள்வி என்று பிரித்துப் போட்ட புத்தகம், பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கினாலும் தேறிவிடலாம். நான்காம் ஆண்டு ப்ராஜெக்ட் வருகிறது. கைடு சொல்கிறார்: “லிட்டரேச்சர் சர்வே பண்ணிட்டு வாம்மா, கடைசி அஞ்சு வருஷத்துப் பேப்பர் வேணும்.” அவள் தேடுகிறாள். தலைப்பு கிடைக்கிறது. பத்து வரிச் சுருக்கம் கிடைக்கிறது. கீழே போனால் பணம் கேட்கிறது. ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர். ரூபாயில் மூவாயிரம். இருபது கட்டுரை படிக்க வேண்டுமென்றால் அவள் ஒரு செமஸ்டருக்குக் கட்டும் கட்டணத்தை எட்டிவிடும். கல்லூரி சந்தா கட்டிய தொகுப்பில் அந்த இதழ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நூலகர்களே, உங்களுக்கு ஆண்டு வரவுசெலவில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று நீங்கள்தான் அறிவீர்கள்.

அவள் என்ன செய்வாள்? அறைத் தோழி டெலிகிராம் குழுவில் கேட்கச் சொல்வாள். சீனியர் அண்ணன் ஒரு முகவரி சொல்லிக் கொடுப்பார். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கிய சை-ஹப் அது. கட்டுரையின் எண்ணைப் போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். சட்டப்படி அது காப்புரிமை மீறல் என்பது பதிப்பகங்களின் வாதம். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்குள் இன்னொன்று நடந்தது. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் 13,000 ஆய்விதழ்கள். 6,300 நிறுவனங்கள், 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். 2025 ஜனவரி முதல் நடைமுறை. இது நல்ல திட்டம். தனித்தனியாக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பேரம் பேசி நொந்துபோவதை விட்டு, நாடே ஒரு வாங்குபவராகப் போய் நிற்பது பாராட்ட வேண்டிய யோசனை. எனக்கு இதில் இரண்டு கருத்தில்லை.

ஆனால் அந்த 6,300 நிறுவனங்களும் ஒன்றிய, மாநில அரசுகளின் நிறுவனங்கள். மருதமலை அடிவாரத்துப் பாரதியார் பல்கலைக்கழக மாணவி உள்ளே. தடாகம் சாலை அரசுக் கல்லூரி மாணவர் உள்ளே. வேளாண் பல்கலைக்கழக மாணவர் உள்ளே. பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோட்டுச் சுயநிதிக் கல்லூரிப் பிள்ளை வெளியே. இந்த ஊரில் அது எத்தனை பெரிய கூட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். சீட்டு எத்தனை என்று எண்ணும்போது அந்தப் பிள்ளை அரசின் கணக்கில் இருக்கிறாள். தமிழ்நாட்டின் உயர்கல்வி விகிதம் 47 என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த 47க்குள் இருக்கிறாள். சுயநிதிக் கல்லூரியிலும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அரசே அவளுக்கு இடம் ஒதுக்குகிறது. அவள் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசு கட்டணம் கட்டிச் சேர்த்த பிள்ளைக்கு, அரசு வாங்கிய ஆய்விதழைத் திறக்க அனுமதி இல்லை. அவள் குறுக்கு வழியில் படித்தால் அது காப்புரிமை மீறல் என்று சொல்லப்படலாம். தெரிந்தே மீறுவோருக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. மாணவியைப் பிடித்துச் சிறையில் போடப்போவதில்லை, தெரியும். ஆனால் இருபத்தோரு வயதுப் பிள்ளை அறிவியல் படிக்கச் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அவளை வைத்திருப்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

இதன் அடுத்த கண்ணியையும் பாருங்கள். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுதியதோடு ஒத்துப்போவது 10 விழுக்காடு வரை இருக்கலாம். அதற்கு மேல் 40, 60 என்று போகப் போகத் தண்டனை ஏறும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வேண்டிய விதிதான். ஆனால் மூலக் கட்டுரையை முழுதும் படிக்க முடியாதவர் எப்படி எழுதுகிறார்? பத்து வரிச் சுருக்கத்தைப் பார்த்து எழுதுகிறார். வேறொருவர் மேற்கோள் காட்டியதை எடுத்து மேற்கோள் காட்டுகிறார். சொல்லை மாற்றி, வரிசையை மாற்றி, மென்பொருளிடமிருந்து தப்பிக்கிறார். படிக்கக் கொடுக்காமல், படித்தது போல எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். ஆய்வேடுகளின் எண்ணிக்கை உயரும். அவற்றுக்குள் என்ன இருக்கும்?

தளங்களை முடக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் அனுபவமே பதில். 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து, இணையச் சேவை நிறுவனங்கள், மக்கள் தங்கள் சொந்தப் படைப்புகளை ஏற்றி வைத்திருந்த தளங்களையும் சேர்த்து மூடின. முழுத் தளத்தை மூடக்கூடாது, குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் மூடுங்கள் என்று நீதிமன்றமே பிறகு திருத்த வேண்டிவந்தது. 2018இல் ‘2.0’ படத்துக்காக 12,000க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க உத்தரவானது. அதற்குப் பிறகு திருட்டுப் படம் வரவில்லையா? தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தன.

அமெரிக்காவில் 2008இல் வந்த உயர்கல்விச் சட்டம் ஒன்று நமக்குப் பாடமாக இருக்கலாம். பட்டம் பெறுவோர் எத்தனை பேர் என்று கல்லூரிகள் வெளியிடுவதைப் பற்றியும், கல்லூரி இணையத்தில் காப்புரிமை மீறலைத் தடுப்பதைப் பற்றியும் ஒரே சட்டத்தில் எழுதினார்கள். பதிவிறக்கத்தைத் தடுக்கத் திட்டம் போடு என்று சொன்ன சட்டம், கூடவே இன்னொன்றும் சொன்னது: முடிந்த அளவுக்குச் சட்டபூர்வமான மாற்று வழியையும் மாணவருக்குக் காட்டு. அந்த இரண்டாவது வரி நம் சட்டத்தில் இல்லை.

நம் நீதிமன்றங்களுக்கு இந்த நியாயம் தெரியாததல்ல. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் சொன்ன பக்கங்களைத் தொகுத்து மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது. 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூவரும் வழக்குப் போட்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா அதைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்றார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மறு விசாரணைக்கு அனுப்பினாலும், கல்விக்குத் தேவையான அளவு எவ்வளவோ அவ்வளவு என்ற கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. நம் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரியும்? கேட்டால் பலர் பயந்து விலகுகிறார்கள். பயப்பட வேண்டாம். வகுப்புக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்துக் கொடுக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் எழுத்தாளருக்குக் காசு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதே கோவையில் விஜயா பதிப்பகம், விடியல் பதிப்பகம் போன்றவர்கள் சிறு முதலீட்டில் தமிழ் நூல்களைப் பதிப்பிக்கிறார்கள். புத்தகக் கண்காட்சியில் விற்கும் சில நூறு படிகளை நம்பி அடுத்த நூலை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. புது நாவலை வந்த மறுவாரமே ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடுவது அவர்கள் வயிற்றில் அடிப்பது. அதைச் செய்யாதீர்கள். ஆய்விதழின் கதை வேறு. அங்கே கட்டுரை எழுதியவருக்குப் பதிப்பகம் காசு தருவதில்லை. மதிப்பீடு செய்தவருக்கும் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் பெரும்பாலும் பொதுப் பணத்திலிருந்தோ, மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்தோ வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒரே பெயரால் அழைப்பது நியாயமில்லை.

தமிழர்களான நமக்கு இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை ஏற்கெனவே தெரியும். பாரதியின் எழுத்துகள் ஒரு காலத்தில் தனியாரிடம் இருந்தன. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. எழுத்தாளர்களும் தலைவர்களும் குரல் எழுப்பினார்கள். 1949இல் ஓமந்தூரார் ஆட்சிக் காலத்தில் அந்த உரிமையை அரசு பெற்றுக்கொள்ளும் முடிவு எடுக்கப்பட்டது. மெய்யப்ப செட்டியார் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். அப்போது கல்வியமைச்சராக இருந்து இதை முன்னெடுத்தவர் நம் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், இங்கே ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, எழுத்தை மக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் அங்கிருந்து கிளைத்து, இன்றுவரை பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவருகின்றன. இந்த அளவுக்கு இதைச் செய்த வேறோர் அரசை எனக்குத் தெரியாது.

பாரதியை அப்படித் திறந்தபோது, அரசுப் பள்ளியில் படிப்பவர் மட்டும் அச்சிடலாம், தனியார் பள்ளியில் படிப்பவர் கூடாது என்று யாரும் வேலி போடவில்லை. பொதுப் பணத்தில் வாங்கினால் பொதுவுக்கு என்பதுதான் அன்றைய புரிதல். 6,000 கோடியும் பொதுப் பணம். அதில் சூலூர் விசைத்தறிக்காரர் கட்டிய ஜிஎஸ்டியும் இருக்கிறது. அவர் மகள் சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறாள்.

ஒரே சந்தா திட்டத்தின் அடுத்த கட்டங்களில் தனியார் நிறுவனங்களையும், பிறகு பொது நூலகங்கள் வழியாக எல்லோரையும் சேர்க்கும் எண்ணம் பேசப்பட்டிருக்கிறது. பேச்சாக நின்றுவிடாமல் தேதி குறிக்கச் சொல்ல வேண்டும். பொது நூலகம் என்றால் நம்மிடம் இடம் தயார். காந்திபுரத்தில் தந்தை பெரியார் பெயரில் 300 கோடி ரூபாய்த் திட்டமாக நூலகத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் 2024 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். அங்கே இருபது கணினிகளில் அந்த 13,000 இதழ்களும் திறக்கட்டும். அன்னூரிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளை, எந்தக் கல்லூரி அடையாள அட்டை என்று யாரும் கேட்காமல், உட்கார்ந்து படிக்கட்டும். முதல் கட்டமாக இதைக் கேட்பது பெரிய ஆசையல்ல.

ஏஐசிடிஇயிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஒரு பிரிவில் அறுபது இடம் கூடுதலாகக் கேட்டு விண்ணப்பிக்கும் கல்லூரியிடம் கட்டட அளவையும் ஆய்வகத்தையும் ஆசிரியர் பட்டியலையும் கேட்கிறீர்கள். அந்த அறுபது பேர் எந்தெந்த ஆய்விதழ்களைச் சட்டப்படி திறக்க முடியும் என்றும் கேளுங்கள். பதிலைக் கல்லூரியின் பக்கத்தில் வெளியிடச் சொல்லுங்கள். கவுன்சலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதையும் பார்க்கட்டும். நிர்வாகத்தினர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நுழைவாயில் வளைவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை நூலகருக்குக் கொடுங்கள். தனித்தனியாக முடியாதென்றால் பத்துக் கல்லூரி சேர்ந்து ஒரு சந்தா கட்டுங்கள். சேர்ந்து மில் நடத்திய, சேர்ந்து பேருந்து ஓட்டிய ஊர் இது.

கடைசியாக ஆசிரியர்களிடம். நீங்கள் எழுதும் கட்டுரை வெளியானதும் பூட்டுக்குள் போய்விடுகிறது. பல பதிப்பகங்கள், அவர்கள் வடிவமைத்த பக்கத்தைத் தவிர, ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் கைப்பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. சில உடனே, சில ஓராண்டு கழித்து. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். படித்துவிட்டுப் பிரதியை உங்கள் நூலகரிடம் கொடுங்கள். நூலகர்களே, அப்படி வரும் பிரதிகளைத் தலைப்பு, ஆண்டு, துறை போட்டு வரிசைப்படுத்தி, கடவுச்சொல் இல்லாத இடத்தில் வையுங்கள். வெள்ளலூர்ப் பிள்ளை நாமக்கல் ஆசிரியரின் கட்டுரையைப் படிக்க அமெரிக்க டாலர் கட்ட வேண்டிய நிலை மாற, இந்த ஒரு வேலைக்கு எந்த அரசின் உத்தரவும் தேவையில்லை. பிரதியை நூலகரிடம் ஒப்படைக்கும் படிவத்தின் மாதிரியைக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் இந்த செமஸ்டருக்குள் தொடங்குங்கள்.